எந்த சார்ஜ் என்று கேளுங்கள்

போன வாரம் உங்கள் கண்ட்ரோல் ரூமை எனக்குச் சுற்றிக் காட்டினீர்கள். சுவர் நிறைய விளக்குகள், ஆளுக்கொரு திரை, காதோடு ஒட்டிக்கொள்ளும் சின்னக் கருவி. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "மேடம், உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படி சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். அதற்குள் டீ வந்துவிட்டது. டீயைச் சாக்காக வைத்துக்கொண்டு பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கும், அவளோடு சேர்ந்த உங்களுக்கும் இங்கே பதில் சொல்கிறேன்.

கருவிகள் குறைவாக இருந்தது எங்களுக்குப் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. எங்களை ஆட்டிவைத்தது ஒரு இங்கிலீஷ் வார்த்தை.

கும்மிடிப்பூண்டிக்கு வருவதற்கு முன்னால் நம் தொழிற்சாலை திருவள்ளூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவில் ரயில் பாதையை ஒட்டி இருந்தது என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். இரும்பை உருக்கி பம்பு பாகங்களும் மிஷின் பாகங்களும் வார்க்கிற ஃபவுண்டரி. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. என் எதிரே துளைகள் நிறைந்த மரப் பலகை ஒன்று, ஒவ்வொரு துறைக்கும் ஒரு துளை. ஒருவர் ரிசீவரை எடுத்தால் அவருடைய துளைக்கு மேலே இருக்கும் மூடி விழும். நான் ஒயரைச் சொருகி, யார் வேண்டும் என்று கேட்டு, மறுமுனையை அந்தத் துளையில் சொருகுவேன். ஃபவுண்டரிக்குள் ஒருவர் இன்னொருவரோடு போனில் பேச வேண்டுமானால் என் கையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வேலை கிடைத்த அன்று பர்சனல் ஆபீசர் என்னிடம், "நாளைக்கே வந்து சார்ஜ் எடுத்துக்கம்மா" என்றார். அப்பா திருவள்ளூரில் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் கைங்கரியம் பண்ணிக்கொண்டிருந்தார். மத்தியானம் அவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"சார்ஜா? வேலைக்குச் சேர்றதுக்கு அவாளுக்கு நாம சார்ஜ் குடுக்கணுமா?" என்றார் அப்பா.

அவருக்குத் தெரிந்த சார்ஜ் பஸ் சார்ஜ் ஒன்றுதான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஏனென்றால் அந்த ஃபவுண்டரியில் ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் வேறு வேறு சார்ஜ் இருந்தது. மெல்டிங் ஷாப்பில் சார்ஜ் என்றால் உலைக்குள் கொட்டுகிற பழைய இரும்பும் கரியும். "சார்ஜ் பத்தல" என்றால் உலைக்குப் போட இரும்பு போதவில்லை. சப் ஸ்டேஷனில் லைன் சார்ஜ் ஆகியிருக்கிறது என்றால் கம்பியில் கரண்ட் ஓடுகிறது, கிட்டே போனால் உயிர் போகும். ஸ்டோர்ஸில் வண்டி பேட்டரிக்கு சார்ஜ். கணக்குப் பிரிவில் வெளியூர் போனுக்கு ஆகும் டிரங்க் கால் சார்ஜ். கேட்டில் இருந்த செக்யூரிட்டிக்காரர் முன்பு போலீஸில் இருந்தவர். அவர் சார்ஜ் என்று ஆரம்பித்தால் அது லத்தி சார்ஜில்தான் போய் முடியும். பர்சனலில் சார்ஜ் என்றால் சார்ஜ் ஷீட், வேலையாள்மேல் குற்றம் சாட்டுகிற காகிதம். அந்தக் காகிதம் கைக்கு வந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இதில் முதலில் மாட்டிக்கொண்டவர் ஏகாம்பரம். ஆர்.கே.பேட்டைப் பக்கத்து மனிதர். வார்ப்பு அச்சு செய்கிற வேலையில் இருந்தார். நல்ல உழைப்பாளி, ஆனால் வாய் கொஞ்சம் நீளம். அந்த வாரம் கேன்டீனில் நாஷ்டா சரியில்லை என்று தட்டைத் தூக்கி மேஜைமேல் தட்டிவிட்டு வந்திருந்தார். விஷயம் பர்சனல் வரைக்கும் போய்விட்டது என்று யாரோ அவரைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து பர்சனல் கிளார்க் என்னைக் கூப்பிட்டு, "ஏகாம்பரத்துக்கு சார்ஜ் ஆர்டர் ரெடியா இருக்கு, வந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்றார். நான் சொன்னதைச் சொன்னபடி ஏகாம்பரத்தின் ஷாப்புக்குச் சொன்னேன். அங்கே போனை எடுத்தவர் அதைச் சுருக்கி, "ஏகாம்பரம், உனக்கு சார்ஜு ரெடியாம்" என்று கத்திவிட்டார்.

ஏகாம்பரம் பர்சனல் பக்கமே போகவில்லை. கையைக் கழுவிக்கொண்டு கேட்டைத் தாண்டி, ரயிலேறி, பஸ் மாறி, ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. கடைசியில் அவருடைய மச்சான் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து, கேட்டில் நின்று, "எங்க மாமா எதுவும் வேணும்னு பண்ல சார். தட்டு கை தவறி விழுந்துச்சி. கோயில்ல வேணாலும் சத்தியம் பண்றோம்" என்று கெஞ்சினார்.

பர்சனல் ஆபீசருக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தத் தட்டு?" என்று கேட்டார்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஏகாம்பரத்தை மெல்டிங் ஷாப்புக்கு சார்ஜ் ஹேண்டாகப் போட்டிருந்தார்கள். மேஸ்திரிக்கு மேலே, ஃபோர்மேனுக்குக் கீழே ஒரு பதவி. சம்பள உயர்வு உத்தரவு அவருக்காக மேஜைமேல் காத்துக்கொண்டிருக்க, அவரோ ஊரில் மாமனார் வீட்டில் ஒளிந்துகொண்டிருந்தார். மச்சான் உத்தரவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்டில் இருந்த எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் ஏகாம்பரம் என் அறை வாசலில் வந்து நின்றார். "இன்னா ஆப்பரேட்டரம்மா, முழுசா சொல்லக்கூடாதா? மூணு நாளா என் பொண்டாட்டி சோறே துண்ணல" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து யாராவது சார்ஜ் என்றால், "எந்த சார்ஜ் சார்?" என்று நான் திருப்பிக் கேட்க ஆரம்பித்தேன். சிலர் சிரித்தார்கள், சிலர் சிடுசிடுத்தார்கள். கேட்பதை நான் விடவில்லை.

ஆனால் நான் கேட்க முடிந்தது என்னிடம் பேசுகிறவர்களை மட்டும்தான். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும்போது நடுவில் புகுந்து கேட்க எனக்கு உரிமை இல்லை. இனி நான் சொல்லப்போவதை உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு படியுங்கள்.

மெல்டிங் ஷாப்பில் தலைக்கு மேலே ஒரு பெரிய கிரேன் ஓடும். அதற்குக் கரண்ட் போவதற்காகக் கூரையை ஒட்டி, உறை எதுவும் இல்லாத செப்புக் கம்பிகள் போகும். அன்று காலை அந்தக் கம்பிகளைத் தாங்குகிற பீங்கான்களில் சில விரிசல் விட்டிருந்தன. மாற்றுவதற்கு எலக்ட்ரீஷியன் முனிரத்தினம் மேலே ஏறியிருந்தார். ஆந்திர எல்லை ஓரத்து ஊர்க்காரர். எல்லோரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். அவர் ஏறுவதற்கு முன்னால் சப் ஸ்டேஷனில் டேவிட் கிரேன் லைனை நிறுத்தி, ஃபியூஸ்களைக் கழற்றித் தன் மேஜையில் வைத்துவிட்டு, ஆள் வேலை செய்கிறார் என்ற பலகையைத் தொங்கவிட்டிருந்தார். இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

டேவிட்டும் முனிரத்தினமும் ஒரே லைன் வீடுகளில் அடுத்தடுத்துக் குடியிருந்தவர்கள். டேவிட்டின் அப்பா, தாத்தா எல்லாம் வயல் கூலி வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் டேவிட். கிறிஸ்துமஸுக்கு முனிரத்தினம் வீட்டுக்குக் கேக் போகும், பொங்கலுக்கு டேவிட் வீட்டுக்குக் கரும்பு வரும். இருவரும் ஒரே சைக்கிளில்தான் வேலைக்கு வருவார்கள்.

அதே காலையில் மெல்டிங் ஷாப்பில் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. உலையின் உள்சுவரைப் பூசிச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். பூச்சு முடிந்ததும் இரும்பையும் கரியையும் கொட்ட ஆரம்பிக்க வேண்டும். புதிதாகப் பொறுப்பேற்ற சார்ஜ் ஹேண்ட் ஏகாம்பரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலைக்குக் காற்றடிக்கிற ப்ளோயர் ஓட ஆரம்பித்தால் கரண்ட் அதிகமாக இழுக்கும். அதனால் கொட்ட ஆரம்பிக்கும் முன் சப் ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவது வழக்கம்.

பத்து மணி டீ முடிந்த கொஞ்ச நேரத்தில் மெல்டிங் ஷாப் எலக்ட்ரிகல் ஸ்டோர்ஸைக் கேட்டது. ஒயரைச் சொருகினேன். "முனிரத்தினம் மேல குந்திகினு கீறான், இன்னும் நாலு பீங்கான் வோணுமாம், சீக்கிரம் அனுப்பு" என்று அங்கிருந்த ஹெல்பர் சொன்னது என் காதில் விழுந்தது. அதோடு நான் காதை எடுத்துவிட்டேன்.

சற்று நேரத்தில் மறுபடியும் மெல்டிங் ஷாப் மூடி விழுந்தது. இந்த முறை ஏகாம்பரம். "சப் ஸ்டேஷன் குடும்மா" என்றார். கொடுத்தேன். சப் ஸ்டேஷன் லைன் அடிக்கடி அறுந்துபோகும் பழைய லைன். இரண்டு பக்கமும் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கிறதா என்று உறுதியாகும்வரை நான் காதில் வைத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. அதனால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"டேவிட்டு, மெல்டிங் ஷாப்பு. சார்ஜ் பண்லாம்ல?"

"எல்லாம் முட்ஞ்சிச்சா?"

"முட்ஞ்சிச்சி, முட்ஞ்சிச்சி. சீக்கிரம் சார்ஜ் பண்ணு, சார்ஜ் பண்ணுன்னு ஃபோர்மேன் பேஜாரு பண்ணிகினு கீறாரு."

"சரி, தோ."

இருவரும் போனை வைத்துவிட்டார்கள்.

இதில் யார் சொன்னது தப்பு? ஏகாம்பரம் பேசியது உலையைப் பற்றி. பூச்சு முடிந்துவிட்டது, இரும்பு கொட்டப் போகிறோம் என்றார். டேவிட் காலையிலிருந்து மெல்டிங் ஷாப் போனுக்காகக் காத்துக்கொண்டிருந்தவர். அவர் காதில், மேலே வேலை முடிந்துவிட்டது, கிரேன் லைனில் கரண்ட் விடலாம் என்று விழுந்தது. யார் பண்ணுவது, எதைப் பண்ணுவது என்று இருவருமே சொல்லவில்லை. நம் தமிழில் அதைச் சொல்லாமலே பேசிவிட முடியும். தினம் பேசுகிறோம். அன்று முனிரத்தினம் கூரையில் வெறும் செப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாலு பீங்கான் இன்னும் போய்ச் சேரவில்லை என்பது எனக்குத் தெரியும். ஏகாம்பரத்துக்கு அது நினைவில் இல்லை. டேவிட்டுக்கு அது தெரியவே தெரியாது.

உடனே சப் ஸ்டேஷனுக்கு மணி அடித்தேன். எடுக்கவில்லை. போன் இருப்பது முன் அறையில், சுவிட்சுகள் இருப்பது பின் அறையில். பின் அறையின் இரைச்சலில் மணி கேட்காது. டேவிட் ஃபியூஸ்களை எடுத்துக்கொண்டு பின்னால் போயிருக்கிறார் என்று புரிந்தது. அவற்றை ஒவ்வொன்றாக மாட்டி, பலகையை எடுத்துவிட்டு, கைப்பிடியைத் தூக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது அந்த அவகாசம்தான்.

மெல்டிங் ஷாப்பைக் கூப்பிட்டு முனிரத்தினத்தை இறங்கச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். போனை யார் எடுப்பார்கள் என்று தெரியாது. எடுத்தவருக்கு விளங்கவைத்து, அவர் ஓடிப்போய்க் கத்தி, அந்தச் சத்தத்தில் அது முனிரத்தினத்துக்குக் கேட்டு, அவர் கையை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சப் ஸ்டேஷனுக்கு நானே ஓடினாலும் யார்டின் மறுகோடி வரைக்கும் புடவையில் ஓட வேண்டும்.

என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது. தீ விபத்துக்கான சங்கு. கண்ணாடியை உடைத்து உள்ளே இருக்கும் பித்தானை அழுத்தினால் ஃபவுண்டரி முழுக்க ஊளையிடும். அது ஊதினால் சப் ஸ்டேஷன் ஆள் கையிலிருக்கும் எந்த வேலையையும் போட்டுவிட்டு மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும் என்பது விதி. அந்தப் பெட்டிக்குக் கீழேயே இன்னொரு விதியும் எழுதி ஒட்டியிருந்தது. தீ இல்லாமல் இதை அழுத்துவது கடுமையான குற்றம் என்று. தினமும் என் கண்ணில் படுகிற வாசகம். நான் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வேலையும் நிரந்தரமாகவில்லை. தம்பி இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அதையெல்லாம் அப்போதே எடைபோட்டுப் பார்த்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் பொய். பேப்பர் வெயிட்டை எடுத்துக் கண்ணாடியில் அடித்தேன், அழுத்தினேன். அவ்வளவுதான்.

சங்கு ஊளையிட்டது. மூன்று மூச்சு விட்டிருப்பேன், என் தலைக்கு மேலே மின்விசிறி தளர்ந்து நின்றது. ஃபவுண்டரி முழுக்க எப்போதும் இருக்கிற இரைச்சல் அப்படியே அடங்கிப்போனது. டேவிட் மெயினை நிறுத்திவிட்டார் என்று தெரிந்தது.

எல்லா ஷாப்பிலிருந்தும் ஆட்கள் கேட்டை நோக்கி ஓடிவந்தார்கள். ஒர்க்ஸ் மேனேஜர் மூச்சிரைக்க என் அறைக்குள் வந்தார்.

"எங்கம்மா தீ?"

"தீ இல்ல சார்."

அவர் முகம் போன போக்கை நான் இன்றும் மறக்கவில்லை. "பின்ன எதுக்கு அடிச்சே?"

"முனிரத்தினம் கிரேன் கம்பில வேலை செய்யறார் சார். டேவிட் அதுல கரண்ட் விடப் போறார். போன் பண்ணேன், எடுக்கல."

அவர் திரும்பி மெல்டிங் ஷாப்பைப் பார்த்து ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். ஷாப் காலியாக இருந்தது. கூரையை ஒட்டி, கிரேன் பாதையில் முனிரத்தினம் மட்டும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். தீச்சங்கு கேட்டு அவர் இறங்கி ஓட வேண்டும் என்றால் ஏணியை யாராவது பிடிக்க வேண்டும். ஏணி பிடித்திருந்த ஹெல்பர் முதல் ஆளாக ஓடிவிட்டிருந்தார்.

"இன்னா நைனா கலாட்டா கீழ? எங்க தீ?" என்று மேலேயிருந்து கேட்டார் முனிரத்தினம். "அப்படியே அந்த பீங்கான கொஞ்சம் குடுத்தனுப்பச் சொல்லு."

ஒர்க்ஸ் மேனேஜர் பக்கத்தில் இருந்த வார்ப்புப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு நல்லது. ஆனால் மெயின் நின்றதில் மிஷின் ஷாப்பில் ஓடிக்கொண்டிருந்த வேலைகள் பாதியில் கெட்டுப்போயின. வெளியூரிலிருந்து சரக்கைப் பரிசோதிக்க வந்த வாடிக்கையாளர் ஒருவர் சங்குச் சத்தத்தில் பயந்து, சகதியில் வழுக்கி விழுந்து, சேறு அப்பிய வெள்ளைப் பேன்ட்டோடு ரயிலேறிவிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது. விதிப்புத்தகத்தில் என் குற்றத்துக்கு என்ன எழுதியிருந்ததோ அது நடந்தாக வேண்டும்.

இரண்டு நாள் கழித்து பர்சனல் கிளார்க் போனில் வந்தார். தயங்கித் தயங்கி, "உங்களுக்கு ஒரு சார்ஜ்..." என்று இழுத்தார்.

"முழுசா சொல்லுங்க சார்" என்றேன்.

"சார்ஜ் ஷீட் மேடம்."

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் காகிதத்தைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். இங்கிலீஷ் அவருக்கு அவ்வளவாக வராது. நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளை நன்னா இருக்கானோல்லியோ?" என்றார். இருக்கார் என்றேன். "அப்போ சாப்பிட வா" என்று எழுந்து போனார்.

விசாரணை ஒர்க்ஸ் மேனேஜர் அறையில் நடந்தது. அவர், பர்சனல் ஆபீசர், எதிரே நான், ஏகாம்பரம், டேவிட். முனிரத்தினத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் டேவிட்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். பர்சனல் ஆபீசர் கெட்டவர் இல்லை. யாருக்கும் பெரிய சேதம் வராமல் முடித்துவிடப் பார்த்தார். டேவிட்டைப் பார்த்து, தலையாட்டினாலே போதும் என்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார்.

"டேவிட், நீ அனுபவப்பட்ட ஆளு. பலகை தொங்கிக்கிட்டு இருக்கறதப் பார்த்திருப்பே. ஒரு தடவை விசாரிக்காம நீ கரண்ட் விட்டிருக்க மாட்டே. அப்படித்தானே?"

ஆமாம் என்று அவர் சொல்லியிருந்தால் யாராலும் மறுக்க முடியாது. பின் அறையில் அவர் மட்டும்தான் இருந்தார். டேவிட் வேலை தப்பும், ஏகாம்பரம் தப்புவார், கம்பெனிக்கும் கெட்ட பெயர் இல்லை. ஒன்றும் நடந்திருக்காத இடத்தில் பதறிப்போய்ச் சங்கை அடித்த பெண்ணாக நான் மட்டும் மிஞ்சுவேன். எனக்கு அது அந்த நொடியிலேயே புரிந்தது. டேவிட்டுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

அவர் எதிரே இருந்த முனிரத்தினத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்ல சார். உட்டுருப்பேன்" என்றார்.

"நல்லா யோசிச்சு சொல்லு."

"பலகைய நான்தான் சார் கழட்டினேன். ஃபீஸ் மூணும் மாட்டிட்டேன். கை கைப்புடி மேல இருந்துச்சி. சங்கு ஊதலன்னா தூக்கிருப்பேன். முனிரத்தினம் எதிர்ல குந்திகினு கீறான், அவன் மூஞ்ச பாத்துகினு வேற இன்னா சார் சொல்றது?"

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். முனிரத்தினம் டேவிட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மறுபடியும் டேவிட்டைப் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் முழு விஷயமும் உறைத்தது என்று நினைக்கிறேன். "சார், எனக்கு ஒரு டீ சொல்றீங்களா?" என்றார்.

ஒர்க்ஸ் மேனேஜர் எல்லோருக்கும் டீ சொன்னார். டீ வருவதற்குள் என் சார்ஜ் ஷீட்டை வாங்கி, குறுக்கே கோடு போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டார். டேவிட்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று போனது. அதை அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அதற்குமேல் யாரையும் தண்டிக்கவில்லை. "ரெண்டு பேரும் அவங்கவங்க ஷாப்புல சரியான வார்த்தையத்தான் பேசியிருக்காங்க, யாரைப் பிடிக்கறது?" என்று பர்சனல் ஆபீசரிடம் கேட்டார் மேனேஜர்.

பிறகு அந்த வார்த்தையையே பிடித்தார். எல்லாத் துறையிலிருந்தும் ஆட்களைக் கூப்பிட்டு, இனி போனில் யாரும் சார்ஜ் என்று சொல்லக்கூடாது, அவரவர் சார்ஜுக்கு அவரவர் ஒரு தமிழ் வார்த்தை கொடுங்கள் என்றார். நான் பார்த்த கூட்டங்களிலேயே கலகலப்பானது அதுதான். சப் ஸ்டேஷன், கரண்ட் விடறது என்றது. மெல்டிங் ஷாப், இரும்பு கொட்டறது என்றது. ஸ்டோர்ஸ்காரர்கள் பேட்டரி ஏத்தறது என்றார்கள். செக்யூரிட்டிக்காரர் தன் லத்தி சார்ஜுக்கும் ஒரு வார்த்தை வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். இந்த ஃபவுண்டரியில் அதற்குத் தேவை வராது என்று அவரை உட்காரவைத்தார்கள். பர்சனல் ஆபீசர் சார்ஜ் ஷீட்டுக்குக் குற்றப் பத்திரிகை என்றார்.

"அது வாணாம் சார்" என்று எழுந்தார் ஏகாம்பரம். "அத்த கேட்டா இன்னும் பயமா கீது. அது மட்டும் சார்ஜ் ஷீட்டாவே இருக்கட்டும்."

அறை முழுக்கச் சிரித்தது. டேவிட்டும் சிரித்தார். விசாரணைக்கு அப்புறம் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

வார்த்தையை மாற்றியது நல்ல காரியம்தான். ஆனால் வார்த்தை எங்கேயாவது மறுபடி வழுக்கும். உங்கள் அறையில் டிரிப், ரன், லோட் என்று எத்தனை வார்த்தைகள் துறைக்கொரு பொருளோடு நடமாடுகின்றன என்று நான் வந்த அன்றே காதில் வாங்கிக்கொண்டேன். யார், எதை, எங்கே என்று மூன்றையும் கேளுங்கள். கேட்டால் மண்டு என்று நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். பேசுகிற இரண்டு பேருக்கும் பாதி பாதி தெரிந்து, முழுசும் உங்களுக்கு மட்டும் தெரிகிற நேரம் ஒன்று வரும். அப்போது உங்கள் கைக்கு எட்டுவது எது, அது யாரைக் காப்பாற்றும் என்று மட்டும் பாருங்கள். விளக்கம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம்விட மேலான விதி ஒன்று உண்டு. அது மேனேஜர் போட்டது இல்லை. கூட்டம் முடிந்த அடுத்த வாரம், கிரேன் லைனில் மிச்சமிருந்த வேலைக்காக முனிரத்தினம் மறுபடியும் மேலே ஏறியிருந்தார். மத்தியானம் ஏகாம்பரம் சப் ஸ்டேஷனைக் கேட்டார். இணைத்துவிட்டு, உத்தரவுப்படி காதில் வைத்திருந்தேன்.

"டேவிட்டு, நான் ஏகாம்பரம், மெல்டிங் ஷாப்பு. கிரேன் கம்பி வேலை முட்ஞ்சிச்சி. முனிரத்தினம் எறங்கிட்டான். நீ கிரேன் லைன்ல கரண்ட் உடலாம்."

ஒரு வார்த்தை குறையில்லை. பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி ஒப்பித்தார்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காத," என்றார் டேவிட். "அவன்கிட்ட போனக் குடு. அவன் குரல கேட்டாதான் உடுவேன்."

ரிசீவர் கை மாறும் சத்தம் கேட்டது. முனிரத்தினம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஏணியிலிருந்து அப்போதுதான் இறங்கியிருப்பார்.

"நான்தான்டா. தரைல நின்னுகினு கீறேன். உடு."

"கையில எதனா புட்ச்சிகினு கீறியா?"

"போனத்தான் புட்ச்சிகினு கீறேன். உடு நைனா."

டேவிட் போனை வைத்தார். கொஞ்ச நேரத்தில் கிரேன் நகர ஆரம்பித்த சத்தம் என் அறை வரைக்கும் கேட்டது.